பொலோனியாவில் ஒரு மாலை: உள்ளூர்க்காரரோடு ஒரு கிளாஸ் குடித்துப் பேச முழுமையான வழிகாட்டி

இத்தாலி போய்வந்தவர்களிடம் கேட்டால் கொலோசியம், கோண்டோலா, சாய்ந்த கோபுரம் என்று போனைத் தள்ளித் தள்ளிப் படம் காட்டுவார்கள். அங்கே யாரோடாவது உட்கார்ந்து பேசினீர்களா என்று கேட்டால் ஓட்டல் வரவேற்பாளர், டாக்சி ஓட்டுநர் என்று இரண்டு பேரோடு கணக்கு முடிந்துவிடும். அந்த நாட்டு மக்கள் பேசாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பேச வேண்டிய நேரத்தில் நாம் மியூசியம் வரிசையில் நிற்கிறோம், அவ்வளவுதான்.

அந்த நேரம் மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை. அதற்கு அபெரித்திவோ என்று பெயர். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கிளாஸ் பானம், கொறிக்கக் கொஞ்சம், மீதியெல்லாம் பேச்சு. முன்பின் தெரியாத ஒருவரைச் சந்திக்க இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை. காரணம், இது தானாகவே முடிந்துவிடும். எட்டரைக்கு எல்லாருக்கும் பசிக்கும். பேச்சு ஒத்துவந்தால் சேர்ந்து சாப்பிடப் போகலாம். ஒத்துவராவிட்டால் யார் மனமும் கோணாமல் கைகுலுக்கிவிட்டுக் கிளம்பலாம். புதியவரை நேரே டின்னருக்கு அழைத்தால் இரண்டரை மணி நேரம் தப்பிக்க வழி கிடையாது.

எந்த ஊர், எந்த நாள்

நான் பொலோனியாவைத்தான் சொல்வேன். வெனிஸில் மாலை நேரத்தில் உள்ளூர்க்காரரைத் தேடுவதே ஒரு வேலை. மிலானில் எல்லாருக்கும் அவசரம். பொலோனியாவின் மக்கள்தொகை நாலு லட்சத்தை ஒட்டி வரும். 1088-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் நகரின் நடுவிலேயே இருப்பதால் மாணவர்கள், பேராசிரியர்கள், வாடகைக்கு அறை விடும் பாட்டிகள் எல்லாரும் ஒரே தெருக்களில் புழங்குகிறார்கள். அப்புறம் அந்தத் தூண் வைத்த நடைபாதைகள். நகரத்தில் மொத்தம் 62 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மழை பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பேசலாம்.

செவ்வாய், புதன், வியாழன் நல்ல நாட்கள். வெள்ளி, சனி கூட்டத்தில் கத்திப் பேச வேண்டியிருக்கும். அன்று அவரவர் நண்பர் கூட்டத்தோடுதான் இருப்பார்கள். ஆகஸ்ட் நடுவில் போகாதீர்கள். ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டி ஊரே கடற்கரைக்குப் போய்விடும். பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும். ஜூன் கடைசியும் ஜூலையும் அருமையான காலம். இரவில் பியாட்சா மஜோரே சதுக்கத்தில் பெரிய திரை கட்டி இலவசமாகப் படம் போடுவார்கள். ஏழு மணிக்கு ஒரு கிளாஸ், பிறகு படத்துக்கு இடம் பிடிக்கலாம் என்று அழைத்தால் மறுப்பவர்கள் குறைவு.

ஆளைக் கண்டுபிடிப்பது

இரண்டு வழி. முன்கூட்டியே பேசி வைப்பது, அல்லது கவுன்டரில் நின்று அதிர்ஷ்டத்தைப் பார்ப்பது. முதல் தடவை போகிறவர்களுக்கு முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

மொழிப் பரிமாற்றம்தான் மிக நேர்மையான காரணம். டேண்டம் போன்ற செயலிகளில் ஆங்கிலம் பேசிப் பழக விரும்பும் இத்தாலியர்கள் ஏராளம். மீட்டப் என்ற கூடுகைத் தளத்தில் தேடினால் பல்கலைக்கழகப் பகுதி பப்களில் நடக்கும் மொழிப் பரிமாற்ற மாலைகள் கிடைக்கும். உங்கள் இத்தாலியன் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் பேசும் ஆங்கிலம் அவர்களுக்கு வேண்டும். கொடுக்கல் வாங்கல் சமமாக இருப்பதால் யாருக்கும் சங்கடமில்லை. உள்ளூர்க்காரர் வீட்டில் தங்க இடம் தேடித்தரும் கவுச்சர்ஃபிங் தளமும் இருக்கிறது, ஆனால் இப்போது அது கட்டணச் சேவை. தங்க இடம் கேட்காமல் வெறும் சந்திப்புக்கு மட்டும் பயன்படுத்துகிறவர்களும் உண்டு.

நீங்கள் தங்கும் வீட்டின் உரிமையாளரையும் மறந்துவிடாதீர்கள். 2013-ல் இதே ஊரில் வியா ஃபொந்தாட்சா என்ற தெருவில் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர்களையே தெரியவில்லையே என்று தெருவுக்கென ஒரு ஃபேஸ்புக் குழு ஆரம்பித்தார். சோஷியல் ஸ்ட்ரீட் என்ற பெயரில் அது பல ஊர்களுக்குப் பரவியது. அவை சுற்றுலாப் பயணிகளுக்கான குழுக்கள் இல்லை. ஆனால் ஒரு வாரம் ஒரே தெருவில் தங்கப் போகிறீர்கள் என்றால், அக்கம்பக்கத்தில் இப்படி ஏதாவது கூடுகை இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். “நானே கூட்டிப் போகிறேன்” என்று அவர் சொல்லவும் கூடும்.

செய்தி அனுப்பும்போது சுருக்கமாக எழுதுங்கள். யார், எந்த நாள், எந்த இடம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். இந்த மாதிரி:

“ச்சாவ் (வணக்கம்), நான் மதுரையிலிருந்து வருகிறேன். புதனும் வியாழனும் பொலோனியாவில் இருப்பேன். ஒருநாள் மாலை ஆறரைக்குச் சந்தை மண்டபம் பக்கம் ஒரு ஸ்பிரிட்ஸ் குடிக்க வர முடியுமா? ஊரைப் பற்றிக் கேட்க நிறைய வைத்திருக்கிறேன்.”

இது போதும். நாலு பத்தி சுயசரிதை வேண்டாம். “எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவீர்களா?” என்று முதல் செய்தியிலேயே கேட்காதீர்கள், அது இலவச கைடு வேலை. ஆண் வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: ஒரு பெண் அபெரித்திவோவுக்கு ஒத்துக்கொண்டால் அதற்குப் பொருள் அபெரித்திவோவுக்கு ஒத்துக்கொண்டார் என்பது மட்டும்தான். அங்கே அலுவலகத் தோழர், பழைய வகுப்புத் தோழி, பக்கத்து வீட்டு அம்மா என எல்லாரோடும் குடிப்பார்கள். உங்கள் நோக்கம் நட்புதான் என்றால் “ஒரு நண்பரையும் கூட்டி வாருங்கள்” என்று சொல்லிவிடுங்கள். பாதிச் சங்கடம் அதிலேயே போய்விடும்.

இடம்

சந்திப்புக்கு இடம் நீங்கள் சொன்னாலும், “உங்களுக்குப் பிடித்த இடம் வேறு இருந்தால் அங்கேயே போகலாம்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உள்ளூர்க்காரர் நிச்சயம் வேறு இடம் வைத்திருப்பார்.

பியாட்சா மஜோரேவை ஒட்டிய குவாத்ரிலாத்தெரோ, பழைய சந்தைத் தெருக்கள். வியா பெஸ்கெரியே வெக்கியே, வியா த்ராப்பெரியே எல்லாம் இங்கேதான். பார்க்க அழகு, இப்போது மேசைகளில் பெரும்பாலும் பயணிகள்தான். நகரின் மேற்கே வியா தெல் பிராத்தெல்லோ, வரிசையாக ஓஸ்தெரியாக்கள் என்ற எளிய மதுக்கடைகள் இருக்கும் தெரு, அரசியல் பேச்சு தாராளமாக நடக்கும். ஊர்க்காரர்களைப் பார்க்க இதுவே என் முதல் தேர்வு. பியாட்சா சாந்தோ ஸ்தெஃபானோ அமைதி, கொஞ்சம் விலை கூடுதல். வியா சம்போனியும் பியாட்சா வெர்தியும் மாணவர் ராஜ்யம்: மலிவான பீர், சத்தம், நேரம் ஆக ஆகக் குப்பை. ஜாஸ் பிடிக்கும் என்றால் வியா மஸ்கரெல்லாவில் இருக்கும் கந்தீனா பெந்திவோல்யோ. முதல் சந்திப்பில் பதற்றம் இருக்கும் என்று தோன்றினால் வியா ஊகோ பாஸ்ஸியில் உள்ள மெர்க்காத்தோ தெல்லே எர்பே. சந்தை மண்டபம் என்று செய்தியில் எழுதியது இதைத்தான். கூரை போட்ட காய்கறிச் சந்தை, மாலையில் ஓரமெல்லாம் சாப்பாட்டுக் கடைகள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும், அவரவருக்குப் பிடித்ததை அவரவர் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரே ஓர் இடத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். வீக்கோலோ ரனோக்கி என்ற சந்தில் ஓஸ்தெரியா தெல் சோலே இருக்கிறது. 1465-லிருந்து மதுக்கடை. வாசலில் பெரிய பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. முதலில் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருவீர்கள். உள்ளே நீளமான மர மேசைகள், சுவர் முழுக்கப் பழைய படங்கள். இங்கே குடிக்க மட்டும்தான் தருவார்கள், சாப்பாடு கிடையாது. சாப்பாட்டை நீங்களே கொண்டுபோக வேண்டும். கொண்டுபோவதில் தடையில்லை என்பதல்ல, அதுதான் அங்கே வழக்கமே. ஒன்று மட்டும் கட்டாயம்: உட்கார்ந்தால் ஏதாவது ஒரு பானம் வாங்கியாக வேண்டும்.

அதனால் மாலை ஆறு மணிக்கு, சந்திக்க வேண்டியவரோடு சேர்ந்து முதலில் கடைக்குப் போங்கள். பக்கத்துத் தெருக்களில் இறைச்சி, பாலாடைக்கட்டிக் கடைகள், ரொட்டிக் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே அளவு கேட்பது எத்தோ கணக்கில். ஓர் எத்தோ என்றால் 100 கிராம். இரண்டு பேருக்கு ஓர் எத்தோ மொர்த்தாதெல்லா (இந்த ஊரின் பன்றித் தொத்திறைச்சி), ஓர் எத்தோ சீஸ், ஒரு சின்ன ரொட்டி தாராளம். கடைக்காரர் மொர்த்தாதெல்லாவைக் காகிதம் போல மெல்லிசாகச் சீவி, மெழுகுத்தாளில் மடித்துத் தருவார். அந்தப் பொட்டலத்தை ஓஸ்தெரியா மேசையில் அப்படியே விரித்தால் அதுதான் தட்டு. மேசை பொதுவானது. தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருப்பவர் உங்கள் பொட்டலத்தை எட்டிப் பார்ப்பார், எந்தக் கடை என்று கேட்பார், அந்தக் கடை முன்னைப் போல இல்லை என்பார், எதிரே இருப்பவர் இல்லவே இல்லை என்று மறுப்பார். பேச்சை ஆரம்பிக்க நீங்கள் ஒன்றுமே செய்யத் தேவையில்லை. தனியாகப் போனாலும் இந்த இடம் வேலை செய்யும். இரவு பத்துக்கு முன்பே மூடிவிடுவது வழக்கம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அதற்கேற்ப நாளைப் பாருங்கள்.

நின்று பேசுவதும் உட்கார்ந்து பேசுவதும்

இத்தாலியில் பார் என்றால் காலையில் காப்பி, மாலையில் மது இரண்டும் விற்கும் இடம். கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் கூடுதல் விலை. தனியாகப் போகிறவருக்குக் கவுன்டர்தான் நல்லது. காசும் மிச்சம், பக்கத்தில் ஆளும் உண்டு. சில கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி ரசீதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். முன்னால் நிற்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் “புவோனசேரா”, அதாவது மாலை வணக்கம், என்று சொல்லுங்கள். கடைக்காரருக்கும் சேர்த்துத்தான். இதைச் சொல்லாமல் நேரே கேட்டால் மரியாதை தெரியாத ஆள் என்று எடுத்துக்கொள்வார்கள். நம்மிடம் நீ, நீங்கள் இருப்பது போல அவர்களிடம் தூ, லேய் உண்டு. உங்கள் வயதுக்காரர் முதல் நிமிடத்திலேயே தூவுக்கு வந்துவிடுவார். பெரியவர்களிடம் லேய் போட்டே பேசுங்கள். அவரே மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

நம் நிறத்துக்காரர்களுக்கு அங்கே ஒரு சின்ன அனுபவம் நேரும், முன்பே தெரிந்திருந்தால் மனம் புண்படாது. இத்தாலிய நகரங்களில் மாலை நேரத்தில் மேசை மேசையாக ரோஜா விற்பவர்களில் பலர் வங்கதேசத்துக்காரர்கள். நீங்கள் ஒரு மேசையை நெருங்கினாலே, வாயைத் திறப்பதற்குள் “நோ, கிராத்சியே” (வேண்டாம், நன்றி) என்று கை ஆட்டுவார்கள். அதனால் வெறுங்கையோடு மேசைகளை அணுகாதீர்கள். முதலில் உங்கள் கிளாஸை வாங்கிக்கொண்டு, கவுன்டரில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். கிளாஸ் கையில் இருந்தால் நீங்களும் விருந்தாளி. அப்படியும் யாராவது கை ஆட்டினால் சிரித்துவிட்டு “நான் குடிக்கத்தான் வந்தேன்” என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களே வெட்கப்பட்டு அடுத்த கிளாஸ் வாங்கித் தருவார்கள்.

பேச்சைத் தொடங்க நல்ல கேள்வி, “கோசா மி கொன்சீல்யி?” நீ எதைக் குடிக்கச் சொல்கிறாய் என்று அர்த்தம். எந்த ஊர்க்காரருக்கும் தன் ஊர்ச் சரக்கைப் பரிந்துரைப்பதில் ஒரு பெருமை உண்டு.

கிளாஸில் என்ன

ஸ்பிரிட்ஸ் எல்லாருக்கும் தெரிந்தது: மூன்று பங்கு ப்ரொசெக்கோ என்ற நுரைக்கும் வெள்ளை வைன், இரண்டு பங்கு அப்பெரோல் என்ற கசப்பான ஆரஞ்சு நிற மது, ஒரு பங்கு சோடா, ஐஸ், ஓர் ஆரஞ்சுத் துண்டு. அப்பெரோல் 1919-ல் பதுவா நகரில் அறிமுகமானது. 11 சதவீதம்தான் மது. அதையே கம்பாரி என்ற சிவப்புக் கசப்பு மது போட்டுக் கேட்டால் கசப்பும் கூடும், போதையும் கூடும். நெக்ரோனியைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஜின், கம்பாரி, வெர்மூத் என்ற மூலிகை வைன் மூன்றும் சரிபங்கு, சோடா கிடையாது. சின்னக் கிளாஸ்தான், ஆனால் வெறும் வயிற்றில் இரண்டு குடித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பொலோனியாவில் நான் சிபாரிசு செய்வது பிஞொலெத்தோ. சுற்றியுள்ள குன்றுகளில் விளையும் வெள்ளைத் திராட்சை மது, பெரும்பாலும் லேசாக நுரைக்கும். அல்லது பக்கத்து மொதேனா பகுதியின் லம்புரூஸ்கோ: சிவப்பு, நுரை, குளிர்ச்சி, கொழுப்பான மொர்த்தாதெல்லாவுக்குப் பொருத்தம். ஓஸ்தெரியாக்களில் ஒரு கிளாஸ் வைன் சில யூரோதான். ஸ்பிரிட்ஸ் அதைவிடக் கொஞ்சம் கூடும்.

மது தொடாதவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவிட வேண்டாம். “நோன் பேவோ அல்கோல்” என்று சொன்னால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். க்ரோதீனோ, சான்பித்தேர் என்று கசப்பும் இனிப்பும் கலந்த, மது இல்லாத அபெரித்திவோ பானங்கள் சின்னச் சின்னப் பாட்டில்களில் எல்லாக் கடையிலும் இருக்கும். ஸ்பிரிட்ஸ் கிளாஸில் ஐஸும் ஆரஞ்சும் போட்டுத் தருவார்கள். பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

குடிக்கும் வேகத்தில்தான் நம் ஆட்கள் பலர் தடுமாறுகிறார்கள். டாஸ்மாக் பாரில் அரை மணியில் முடித்துவிட்டு எழுந்து பழகியவருக்கு, ஒரே கிளாஸோடு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருப்பது விநோதமாக இருக்கும். அங்கே அதுதான் வழக்கம். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. உங்களோடு இருப்பவர் பாதிக் கிளாஸில் இருக்கும்போது நீங்கள் மூன்றாவதைக் கேட்டால் அவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார். கிளாஸைத் தூக்கி “சின் சின்” சொல்லும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பாருங்கள். கிளாஸைப் பார்த்துக்கொண்டு இடித்தால் செல்லமாகத் திட்டுவார்கள்.

தட்டில் என்ன

பல பார்களில் பானத்தோடு சிப்ஸ், ஆலிவ், கடலை மாதிரி ஏதாவது இலவசமாக வரும். கூடுதலாகத் தட்டு வாங்கினால்தான் சைவர்கள் கவனிக்க வேண்டும். இந்த ஊருக்குக் கொழுத்த ஊர் என்றே ஒரு பட்டப்பெயர். பன்றி இறைச்சி எதிர்பாராத இடங்களிலெல்லாம் இருக்கும். மொர்த்தாதெல்லா முழுக்கப் பன்றி. தொர்த்தெல்லீனி என்ற அடைத்த பாஸ்தாவின் உள்ளே பன்றியும் ஹாமும். ராகு என்ற இறைச்சிக் குழம்பில் மாட்டிறைச்சியோடு பன்றிக் கொழுப்பு. பொரித்த க்ரெசெந்தீனா, கல்லில் சுட்ட தீஜெல்லா ரொட்டிகள் வெறும் மாவுதானே என்று நினைப்போம். மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது உண்டு. “ச்சே ஸ்த்ரூத்தோ?” என்று கேட்டால் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். பார்மிஜானோ சீஸ் கன்றுக்குட்டியின் வயிற்று நொதியால் உறையவைப்பது, அதையும் ஒதுக்குகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

சைவர் சாப்பிடக் கூடியவை: ஆலிவ், வறுத்த காய்கறிகள், தக்காளி வைத்த ரொட்டி, வெங்காயத்தைத் தக்காளியோடு மணிக்கணக்கில் வேகவைத்த ஃப்ரிஜோனே. இந்தக் கடைசி ஐட்டம் நம் தொக்குக்குச் சொந்தக்காரர் மாதிரி இருக்கும், காரம் மட்டும் இல்லை. அதையும் சில வீடுகளில் பன்றிக்கொழுப்பில்தான் தாளிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என்ன பேசுவது

சாப்பாட்டில் ஆரம்பித்தால் தோற்க வாய்ப்பே இல்லை. “ஸ்பகெத்தி போலொனேஸ் எங்கே நல்லா கிடைக்கும்?” என்று வேண்டுமென்றே கேட்டுப் பாருங்கள். அந்த ஊரில் ராகு சேர்வது ஸ்பகெத்தியோடு இல்லை, தல்யத்தெல்லே என்ற பட்டையான பாஸ்தாவோடு. ராகு எப்படிச் செய்ய வேண்டும் என்பதை 1982-ல் ஊர் வணிகச் சபையில் முறைப்படிப் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள்; 2023-ல் அதைத் திருத்தியும் எழுதினார்கள். அந்தத் திருத்தத்தைப் பற்றிக் கேட்டால் அவர் பாட்டி எப்படிச் செய்வார் என்பதில் இறங்கி அரை மணி நேரம் பேசுவார்.

அடுத்தது விளையாட்டு. பொலோனியா கால்பந்து அணி ஏழு முறை லீக் பட்டம் வென்றது, கடைசியாக 1964-ல். அதற்குப் பிறகு நெடுங்காலம் ஏக்கம்தான். 2025 மே மாதம் மிலானை வென்று இத்தாலியக் கோப்பையைத் தூக்கியபோது, 1974-க்குப் பிறகு அவர்கள் கையில் வந்த முதல் இத்தாலியக் கோப்பை அது. கால்பந்து பிடிக்காதவர் என்றால் கூடைப்பந்து: விர்த்துஸா, ஃபொர்த்தீத்தூதோவா என்று கேளுங்கள். ஒரே ஊரில் இரண்டு அணி, குடும்பத்துக்குள்ளேயே சண்டை. எந்தப் பக்கமும் சாயாதீர்கள்.

நடப்பு விஷயங்கள் வேண்டுமா? இரட்டைக் கோபுரங்களில் சின்னதான கரிசெந்தா விழுந்துவிடுமோ என்ற பயத்தில் 2023 அக்டோபரில் சுற்றி வேலி போட்டார்கள். 2024 தொடக்கத்தில் நகரின் பெரும்பாலான தெருக்களில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். இரண்டைப் பற்றியும் எல்லாருக்கும் கருத்து உண்டு, அதுவும் உரத்த கருத்து. வாடகை இன்னொரு புண். சுற்றுலாப் பயணிகளுக்கு வீடு விட்டுவிட்டு மாணவர்களுக்கு அறையே இல்லை என்று குமுறுவார்கள். நீங்கள் தங்கியிருப்பதும் அப்படி ஒரு வீடாக இருக்கலாம், வாதாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயில் நிலையத்தில் ஒரு கடிகாரம் 10:25-லேயே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1980 ஆகஸ்ட் 2-ல் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரம் அது. ஊரில் வயதானவர்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்பதை இன்னும் சொல்வார்கள். அவர்களாக எடுத்தால் கேளுங்கள். இரண்டாவது கிளாஸில் நாமாகக் கிளறும் விஷயம் இல்லை.

உங்களைப் பற்றியும் கேட்பார்கள். இந்தியா என்றதும் யோகா, பாலிவுட் என்று போகும் பேச்சை நம் பக்கம் திருப்ப ஒரு நல்ல வழி இருக்கிறது. பொலோனியாவில் படிக்கும் மாணவர்களில் ஏராளமானவர்கள் தெற்கத்திக்காரர்கள். உங்கள் எதிரே இருப்பவர் பலேர்மோக்காரர் என்றால் தமிழர் என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஊரில் ஈழத்திலிருந்து போய்க் குடியேறிய தமிழர்கள் நிறைய. ஊர்க் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு, இந்துக்களாக இருந்தும் பெல்லெக்ரீனோ மலை ஏறிப் போய்க் கும்பிடுகிறவர்கள் அவர்கள். பலேர்மோக்காரருக்கு அது நன்றாகத் தெரியும். அதற்கு மேல் நீங்கள் சுற்றுலாப் பயணி இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் சொந்தக்காரர்.

பில்

இருவரும் சேர்ந்து குடித்தால், அழைத்தவர் முதல் சுற்றை வாங்குவது நல்ல வழக்கம். “ஒஃப்ரோ யோ” என்றால் நான் தருகிறேன் என்று பொருள். அவர் முந்திக்கொண்டால் ஒருமுறை மறுக்கலாம், கையைப் பிடித்து இழுத்து ரகளை செய்ய வேண்டாம். அடுத்த சுற்று உங்களுடையது. மாணவர்கள் ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பார்கள், அதில் கஞ்சத்தனம் எதுவும் இல்லை. டிப்ஸ் கட்டாயமில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பில்லில் கொபெர்த்தோ என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்ந்திருக்கலாம். அது மேசைக் கட்டணம், ஏமாற்று இல்லை.

ஏமாற்று வேறு மாதிரி வரும். தெருவில் வழி கேட்பது போல் வந்து, தானும் வெளியூர்தான் என்று சொல்லி, “எனக்குத் தெரிந்த ஒரு பார்” என்று வற்புறுத்திக் கூட்டிப் போகிறவரோடு போகாதீர்கள். பெரிய சுற்றுலா நகரங்களில் இது பழைய தந்திரம். விலை எழுதாத மெனு, முடிவில் நூற்றுக்கணக்கான யூரோ பில். இடத்தை முன்பே நீங்கள் மேப்பில் பார்த்திருக்க வேண்டும், விலைப்பட்டியல் கண்ணில் பட வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் போதும்.

பாதுகாப்பு

முதல் சந்திப்பு நாலு பேர் இருக்கும் இடத்தில்தான். “வீட்டுக்கு வா, நானே சமைக்கிறேன்” என்பது அடுத்த தடவைக்கு. போகும் இடத்தையும் நேரத்தையும் ஊரில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, இருப்பிடத்தைப் பகிர்ந்து வையுங்கள். கழிப்பறைக்குப் போகும்போது கிளாஸை முடித்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பாதிக் கிளாஸைத் தொட வேண்டாம். பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு நகலை வைத்துக்கொள்ளலாம். போன் மேசை ஓரத்தில் கிடக்கக் கூடாது.

தனியாகப் போகும் பெண்களுக்கு: பேச்சு பிடிக்காவிட்டால் காரணம் சொல்லத் தேவையில்லை. “தேவோ அந்தாரே”, நான் போக வேண்டும், அவ்வளவுதான். யாராவது விடாமல் பின்தொடர்ந்தால் கடைக்காரரிடம் நேரே சொல்லுங்கள். அவசர எண் 112. பெண்கள் மீதான வன்முறைக்கும் பின்தொடர்தலுக்கும் 1522 என்ற இலவச உதவி எண் நாள் முழுக்க இயங்குகிறது.

வாடகைக் கார் எடுத்திருந்தால் அன்று அதைத் தொட வேண்டாம். சட்டப்படி ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. லைசென்ஸ் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்குச் சுத்தமாகப் பூஜ்யம். நகர மையத்திலிருந்து எங்கேயும் நடந்தே போய்விடலாம். தூரம் என்றால் ஸ்டாண்டில் நிற்கும் வெள்ளை நிற அதிகாரபூர்வ டாக்சி.

கிளம்புவது

எட்டரை ஆனதும் அவர் கடிகாரத்தைப் பார்க்கிறாரா, மெனுவைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். மெனு என்றால் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு ஜீரணத்துக்கு ஓர் அமாரோ, அதாவது கசப்பு மூலிகை மது, கேட்பார். அமாரோ மொந்தெநெக்ரோ இந்த ஊரிலேயே 1885-ல் பிறந்தது, அதைச் சொன்னால் அவர் முகம் மலரும். சாப்பாட்டுக்குப் பிறகு கப்புச்சீனோ மட்டும் கேட்காதீர்கள்.

கடிகாரம் என்றால் நீங்களே முதலில் எழுந்துவிடுங்கள். நன்றி சொல்லுங்கள், கன்னத்தோடு கன்னம் வைக்க அவர் சாய்ந்தால் அவர் போகும் பக்கமே போங்கள், சாயாவிட்டால் கைகுலுக்கல். மறுநாள் காலை இரண்டு வரிச் செய்தி போதும். அவர் பரிந்துரைத்த கடையிலோ தெருவிலோ எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மதுரை வந்தால் என்ன சாப்பிட வேண்டும் என்று அவர் கேட்டிருந்தால் அதையும் அப்போதே எழுதி அனுப்பிவிடுங்கள். பிறகு அனுப்பலாம் என்று விட்டால் மறந்துபோகும்.